குவாஷியின் மெட்டும் சந்தியோகு அண்ணையும்

செய்தி வந்தபோது நான் லூயிஷாம் ஸ்டேஷனில் ரெயிலுக்கு நின்றேன். காலை பத்து மணி இருக்கும். அழைத்தது ஜெரோசினி, சந்தியோகு அண்ணையின் மகள். இங்கே வளர்ந்த பிள்ளை. என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் கதைப்பவள். அன்று தமிழில், "அன்ரி, அப்பா போயிட்டார்" என்றாள். "நான் வாறன்" என்றேன். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வந்த ரெயிலில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். மறுபக்கம் போய்த் திரும்பி வந்தேன். பிறகுதான் எட்மண்டனில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போவதற்கு எந்த வழி என்று யோசித்தேன். ஆறு வருடமாகப் போய்வந்த வழி அது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஜெரோசினி கேட்டாள். ஒரு பக்கத்தில் அடங்காது என்றேன். "நீளமா எழுதுங்கோ அன்ரி. அப்பா என்ன செய்துகொண்டு திரிஞ்சவர் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது" என்றாள். அது உண்மை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் பாடற்குழுவுக்கு மண்டலின் வாசித்தவர். சிலருக்கு, காலை ஷிப்டில் பஸ் ஓட்டியவர். மன்னாரில் இருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே ஓர் அச்சகத்தில் பல வருடம் வேலை செய்து, மனைவி இறந்தபின் கைக்குழந்தையோடு லண்டனுக்கு வந்த மனிதர் என்று இன்னும் சிலருக்குத் தெரியும். பழைய ஸ்கொட்லாந்து வயலின் புத்தகங்களுக்குள் அவர் ஒரு பான்ஜோவைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

இப்படியான மலர்களில் 'அமைதியில் இளைப்பாறட்டும்' என்று முடிப்பது வழக்கம். எனக்கு அந்த வரி கைக்கு வரவில்லை. சந்தியோகு அண்ணை அசையாமல் நின்று நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

நாங்கள் சந்தித்தது உங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், ஒரு நத்தார் ஒளிவிழாவில். நான் வயலின் படிப்பிக்கிறவள். கர்நாடக சங்கீதம்தான் என் தொழில் என்றாலும் சின்ன வயதில் கொழும்பில் மேலைத்தேயப் பரீட்சைகளும் எடுத்திருந்தேன். அன்று என் மாணவிகள் இருவர் கரோல் வாசிக்க வந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நாலாக மடித்த ஒரு போட்டோக்கொப்பியோடு இவர் வந்தார்.

"ரீச்சர், ஒரு ஐஞ்சு நிமிஷம் இருக்குமோ? இந்த ரெண்டு வரியை வாசிச்சுக் காட்டுவியளோ?"

"உங்களுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியும். எனக்கு வேண்டியது உங்கடை கை."

வாசித்தேன். நடனத்துக்கான மெட்டு, விரைவானது, எளிமையானது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால், தாளம் விழாத இடத்தில், அதே ஓர் உச்ச ஸ்வரம் வந்து குறுக்கே நின்றது. வில் கீழ்க்கம்பியில் இருந்து பாய்ந்து மேற்கம்பிக்குப் போய், அந்த ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். இரண்டாம் வரியில் தடுமாறினேன். திரும்பத் தொடங்கினேன். அதே இடத்தில் தடுமாறினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதை எழுதினவருக்கு வயலின் வாசிக்கத் தெரியாது" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "ஓம். இதை ஒரு வயலின்காரர் தன்ரை வாயாலை சொல்லவேணும் எண்டுதான் இவ்வளவு நாளும் திரிஞ்சனான்" என்றார்.

பிறகு விளக்கினார். மண்டபத்தின் ஒரு தொங்கலில் இருந்து மற்றத் தொங்கலுக்கு நடந்தபடிதான். நான் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அந்தத் தாள் இருநூறு வருடத்துக்கு மேல் பழமையான ஒரு ஸ்கொட்லாந்து வயலின் தொகுப்பில் இருந்து எடுத்தது. அந்தக் காலத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். முதலாளிகளாக, கங்காணிகளாக, வைத்தியர்களாக. அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டிருந்த ஆபிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி ஒரு வாத்தியம் செய்து வாசித்தார்கள். அதுதான் பான்ஜோ. மூன்று நீள நரம்பு, பெருவிரல் பக்கத்தில் ஒரு கட்டை நரம்பு. அந்தக் கட்டை நரம்பை இடக்கை தொடுவதில்லை. அது எப்போதும் ஒரே உச்ச ஸ்வரத்தைத்தான் தரும். வலக்கை நகம் கீழ்நோக்கி அடிக்கும். பின்னால் வரும் பெருவிரல் கட்டை நரம்பை விட்டுவிட்டு எழும்பும்.

"தாளம் விழாத இடத்திலை அதே ஒரு மேல் ஸ்வரம். உங்கடை வில்லுக்கு அது மலையேறுற வேலை. பான்ஜோக்காரனுக்கு அது ஒரு வேலையே இல்லை. அப்ப இந்த மெட்டு எந்தக் கையிலை பிறந்தது, சொல்லுங்கோ?"

தாளின் மேலே, இதை ஆக்கியவர் இன்ன கனவான் என்று ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர் அச்சாகியிருந்தது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அதையும் கேட்டேன். "அண்ணை, ஸ்கொட்லாந்துக்காரன்ரை புத்தகம், ஆபிரிக்கக்காரன்ரை மெட்டு. நடுவிலை மன்னார்க்காரன் உங்களுக்கு என்ன?"

அவர் பத்தொன்பது வயதில் புத்தளம் உப்பளத்தில் வேலை செய்திருக்கிறார். போர்த்துக்கீசர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்த குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அவர்களோடு வேலை செய்தார், அவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கும் போனார். "அவையளிட்டைப் பாட்டு இருக்கு ரீச்சர். சொல்லும் இருக்கு. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு பாடுறவைக்கே தெரியாது. முதல் பாடினது ஆர் எண்டும் தெரியாது. அந்தத் தாளத்திலை இருந்து வந்த பைலாவுக்குத்தான் நாங்கள் கலியாண வீட்டிலை ஆடுறம். ஆரின்ரை எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை. எனக்கு அது பொறுக்கேல்லை."

பொறுக்கவில்லை என்பதுதான் அவரை நான் அறிந்த ஆறு வருடத்தில் அதிகம் கேட்ட சொல்.

கடையில் விற்கிற பான்ஜோ அவருக்குப் போதவில்லை. அதன் இரும்பு நரம்பு கூர்மையாக அடிக்கும். அந்தக் காலத்து வாத்தியத்தின் கைப்பழக்கம் அதில் வராது என்று, தானே ஒன்று செய்யத் தொடங்கினார். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நாலு பெரிய சுரைக்காய் வாங்கிவந்து, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் காயப்போட்டார். கறிக்கு விளைந்த பிஞ்சுக் காய் எப்படிக் காயும்? மூன்றாம் கிழமை மாடிப்படி முழுக்க நாற்றம். மேல்வீட்டில் இருந்த அபீனா வந்து கதவைத் தட்டினாள். கானா நாட்டவள்; மருத்துவமனையில் தாதி. "உள்ளே யாராவது இறந்துபோனார்களா என்று கேட்கவே வந்தேன்" என்றாள். இவர் கூச்சமில்லாமல் அலுமாரியைத் திறந்து காட்டியிருக்கிறார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தபோது, உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி, ஓடு மாதிரிக் காய்ந்த ஒரு குடுக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆட்டுத்தோல் மிருதங்கம் திருத்துகிற ஒருவரிடம் கிடைத்தது. வாத்தியத்தின் மரக் கழுத்தை இவரே செதுக்கினார்.

அது முடிந்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். நான் இருந்து வாசிக்க, அவர் நின்று வாசித்தார். சத்தம் தாழ்ந்திருந்தது, தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒருவர் அடுத்த அறையில் கதைப்பதுபோல. அதற்கேற்ப நான் வில்லை மெதுவாக வைக்க வேண்டியிருந்தது. என் வில் தடுமாறும் இடம் வந்தது. தடுமாறினேன். அவர் பெருவிரல் அந்த ஸ்வரத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கையைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இதை இங்கே எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இனி அந்தக் கனவானின் பெயர். காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் சீருடைக் காற்சட்டையோடே நகரத்துக்குப் போய், ஒரு நூலகத்தின் வாசிப்பறையில் அந்தப் பழைய தொகுப்புகளைப் பார்ப்பார். ஒரு பக்கத்தைப் பத்து நிமிடம் பார்ப்பார். எழும்பி அறையின் கடைசி மேசைவரை நடந்து திரும்புவார். ஒருநாள் அங்கே வேலை செய்கிற பெண், சுகமில்லையா என்று கேட்டாள். "கால் நடந்தால்தான் எனக்குக் கண் தெரியும்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் அதற்குப் பிறகு அவருக்குக் கதவோரம் இருக்கிற மேசையையே கொடுத்தாள்.

அச்சகத்தில் பழகிய கண் அது. கனவானின் பெயருக்குக் கீழே, வெறும் தாளில், மயிர் அளவுக்கு ஒரு வளைந்த கோடு இருப்பதை அவர் கண்டார். அந்தக் காலத்தில் இசைப் புத்தகங்களைச் செதுக்கிய உலோகத் தகட்டில் இருந்துதான் அச்சடித்தார்கள். ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் தகட்டைப் பின்னால் இருந்து தட்டி, முன்னால் மினுக்கி, அதன்மேல் புதிதாகச் செதுக்குவார்கள். மினுக்கியது போதாவிட்டால் பழைய எழுத்தின் வால் எங்காவது மிஞ்சும். இது அப்படி மிஞ்சிய வால் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அண்ணை, அது பூச்சி அரிச்ச அடையாளமா இருக்கும்."

"பூச்சிக்கு இவ்வளவு வடிவா வளைக்கத் தெரியாது ரீச்சர்."

அதே தகட்டில் இருந்து, திருத்துவதற்கு முன் அடித்த பிரதி ஒன்று எங்கேயாவது இருக்க வேண்டும். அதைத் தேடி ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். கடிதம் எழுதினார், தொலைபேசியில் அழைத்தார், சிலர் மறுமொழியே போடவில்லை. நானும் சில நாள் கூடப் போனேன். அலுத்து, போகாமல் விட்டேன். ஒருநாள் பின்னேரம் அழைப்பு வந்தது. தெற்கு லண்டனில் ஒரு பழைய குடும்பத்தின் சேகரிப்பில், அட்டை கிழிந்த ஒரு கட்டுக்குள் அந்தப் பிரதி இருந்திருக்கிறது. "எழுத்து இருக்கு ரீச்சர். கனவான் இல்லை. ஆனா இது என்ன பாஷை எண்டு தெரியேல்லை." ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். கூட்டினால் 'குவாஷி' என்று வந்தது.

ஸ்கொட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஒரு சொல்லாக இருக்கும் என்று அகராதியில் தேடினோம். ஊர்ப் பெயரோ, ஆட்டத்தின் பெயரோ என்று பார்த்தோம். இரண்டு கிழமை அப்படிப் போயிற்று. ஒருநாள் நானும் அவரும் இதைப் பற்றிக் கதைத்தபடி அவர் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தபோது அபீனா கடைப்பைகளோடு இறங்கி வந்தாள். இவர் அவளிடமும் சும்மா கேட்டார். புத்தகத்தில் இருந்த விதத்திலேயே அந்தச் சொல்லைச் சொன்னார்.

அபீனா பைகளைக் கீழே வைத்தாள். "அது குவாஸி" என்றாள். "எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பிறக்கிற ஆண்பிள்ளைக்கு அந்தப் பெயர். நான் செவ்வாய்க்கிழமை பிறந்தேன், அதனால் அபீனா. என் தம்பி குவாஸி." பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "அவரை எங்கே கண்டீர்கள்?"

'அதை' என்று அவள் கேட்கவில்லை. சந்தியோகு அண்ணை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலும் ஆடவில்லை, கையும் ஆடவில்லை. நான் முதலில் சொன்ன ஒரே ஒரு தடவை அதுதான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு மனம் பின்வாங்குகிறது. சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலியில் அர்த்தமில்லை.

பழைய ஸ்கொட்லாந்து மெட்டுக்களை வாசிக்கிற ஒரு குழு நகரத்தில் இருக்கிறது. இவர் கண்டுபிடித்ததைக் கேள்விப்பட்டு, வந்து வாசித்து விளக்கும்படி எங்கள் இருவரையும் அழைத்தார்கள். அழைத்த கிழமையிலேயே, வசந்தகாலக் கச்சேரியில் தங்களோடு வயலின் வாசிக்க விருப்பமா என்று என்னைத் தனியாகவும் கேட்டார்கள். நான் ஓம் என்று சொல்லியிருந்தேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் வீட்டு அறையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்கு, ஒரு மேடையில் கதிரை கிடைக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் நன்றாகவே பேசினார். தகட்டின் வாலைப் பெரிதாக்கிக் காட்டியபோது எல்லாரும் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார்கள். தான் சந்தேகிக்கும் பதினாலு மெட்டுக்களின் பட்டியலைக் கொடுத்தார். நாங்கள் வாசித்தோம், கைதட்டினார்கள். பிறகு, நரைத்த தாடியோடு முன்வரிசையில் இருந்த ஓர் ஆய்வாளர் எழுந்தார். மரியாதையான மனிதர். குவாஷி என்பதைத் தோட்டத்து வெள்ளைக்காரர் எந்தக் கறுப்பு மனிதனையும் கூப்பிடப் பயன்படுத்தினார்கள், அது ஒரு தனி ஆள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். அடிமைகளில் அருமையாக வயலின் வாசித்தவர்களும் இருந்தார்கள், அப்படியானால் இது பான்ஜோவில் பிறந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றும் கேட்டார்.

முதல் கேள்விக்கு இவர் உடனே மறுமொழி சொன்னார். "எல்லாரையும் ஒரே பெயரால் கூப்பிட்டிருக்கலாம் ஐயா. ஆனால் அன்றைக்கு அந்த மெட்டை வாசித்தது ஓர் ஆள்தானே." இரண்டாவதற்கு என் பக்கம் திரும்பினார். தமிழில், தாழ்ந்த குரலில், "ரீச்சர், உங்கடை வில்லுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

நான் எழுந்தேன். அந்த அறையில் இருந்த வயலின்களைப் பார்த்தேன். தடுமாறினேன் என்று சொன்னால், தடுமாறுகிறவளை ஏன் கச்சேரிக்கு எடுத்தோம் என்று நினைப்பார்களோ என்று ஓர் எண்ணம் வந்தது. ஒரு பஸ் சாரதியும் ஒரு வீட்டு ரீச்சருமாக வந்து அவர்களுடைய புத்தகத்தைப் பற்றி அவர்களுக்கே சொல்கிறோம் என்ற கூச்சமும் வந்தது. "இதை வயலினில் வாசிக்க முடியும்" என்றேன். "பயிற்சி இருந்தால் முடியும். உறுதியாக எதையும் சொல்ல என்னால் ஏலாது."

ஆய்வாளர் தலையசைத்து உட்கார்ந்தார். சந்தியோகு அண்ணை நரம்புகளைத் தளர்த்திக் குடுக்கையைத் துணிக்குள் சுற்றினார்.

திரும்பும்போது ரெயிலில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. நான் இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்தான் வாய் திறந்தார். "நீங்கள் பொய் சொல்லேல்லை ரீச்சர். ஆனா அந்தாள் கேட்டதுக்கு மறுமொழியும் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாங்கள் சந்திக்கவில்லை. வசந்தகாலக் கச்சேரியில் வாசித்தேன். நன்றாகப் போனது என்றார்கள். என் கை வாசித்தது. நான் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொலைபேசி எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்று வசனம் யோசித்தேன். ஒவ்வொரு வசனத்திலும் 'ஆனால்' என்ற சொல் வந்தது.

முதலில் வந்தது அவர்தான். மழைநாள். கதவைத் திறந்தால் நனைந்த உடுப்போடு நின்றார். இருக்கச் சொன்னேன். இருக்காமல், ஓர் அப்பியாசக் கொப்பியை மேசையில் விரித்தார். பதினாலு மெட்டுக்களின் பட்டியல். அதில் பதினொன்றைச் சிவப்புப் பேனையால் தானே வெட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம்: இது வயலினிலும் இலேசு, இது வேறொரு புத்தகத்தில் குழலுக்கு எழுதப்பட்டது, இதில் எனக்கு ஆசைதான் இருக்கிறது, ஆதாரம் இல்லை.

"அந்தாள் கேட்டது நல்ல கேள்வி. உங்கடை மறுமொழியிலையும் ஒரு பாதி சரி. வாசிக்க ஏலும்தான். ஏலும் எண்டதுக்காக வயலினிலை பிறந்தது எண்டு ஆகாது. அதே மாதிரி, பெருவிரலுக்கு இலேசு எண்டதுக்காக எல்லாம் பான்ஜோவும் ஆகாது. ஆசையிலை நானும் கூட்டித்தான் சொல்லிப்போட்டன்."

"அண்ணை, நான் அண்டைக்குப் பயந்துபோனன்."

"தெரியும். அதுதான் பிழை. மற்றது பிழையில்லை."

மிஞ்சிய மூன்றில் குவாஷியின் மெட்டு முதலாவது. அதைத் தவிர அன்று வேறு எதுவும் கதைக்கவில்லை. என்னுடைய இரண்டு வயலின்களில் ஒன்று எப்போதும் மேலைத்தேயச் சுருதியில் இருக்கும், அதை எடுத்தேன். நான் எந்த எந்த இடத்தில் தடுமாறுகிறேன், எத்தனையாம் தடவை பழகிவிடுகிறேன், பழகிய பிறகும் வில் எங்கே இழுபடுகிறது என்று எல்லாவற்றையும் குறித்தார். தடுமாற்றத்தை மறைக்காமல் ஒருவர் முன் வாசிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்த மாதம் முழுக்க வந்தார். என் மாணவர்களிலும் மூன்று பேரை, மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வாசிக்க வைத்தோம். மூவரும் அதே இடத்தில் விழுந்தார்கள்.

மாசி மாதம் நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பின்னேரங்களில் போனேன். சத்திரசிகிச்சைக்குப் பலம் போதாது என்று வைத்தியர் ஜெரோசினியிடம் சொல்லியிருந்தார். அவருக்கும் அது தெரியும். போர்வைக்குள் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் கொப்பியை எங்காவது வெளியிட வேண்டும் என்றேன். யாருடைய பெயரைப் போடுவது என்றும் கேட்டேன். தன் பெயர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"ஏன் வேண்டாம்? போடுங்கோ. எத்தினை பஸ் மாறித் திரிஞ்சனான். ஆனா குவாஷியின்ரை பேருக்குக் கீழை போடுங்கோ. சின்ன எழுத்திலை." சிறிது மூச்சு வாங்கிவிட்டு, "உங்கடை தடுமாற்றத்தையும் விட்டிடாதேங்கோ. அதுதான் சாட்சி" என்றார்.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுவல்ல. கடைசியாகச் சொன்னது, வெளியே குளிர், கழுத்தை மூடிக்கொண்டு போங்கோ என்பது.

அடக்கத் திருப்பலியில் அந்த மெட்டை வாசிக்கலாமா என்று பங்குச் சுவாமியாரைக் கேட்டேன். "ஆட்டத்துக்குரிய மெட்டெண்டு சொல்லுறியள். கோயிலுக்குள்ளை வேண்டாம் பிள்ளை, வாசலிலை வாசியுங்கோ" என்றார். உங்களில் பலர் அன்று அங்கே நின்றீர்கள். காற்று அடித்தது, சிலருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அதனால் வாசிப்பதற்கு முன் நான் சொன்னதை இங்கே திரும்ப எழுதுகிறேன். இது குவாஷி என்று அழைக்கப்பட்ட ஒருவர் வாசித்த மெட்டு. அவர் பெயரைத் தகட்டில் இருந்து தட்டி எடுத்தார்கள். சந்தியோகு அண்ணை கண்டெடுத்தார். இதை வாசிக்கும்போது என் வில் தடுமாறும். அது பான்ஜோவில் பிறந்தது என்று நான் நம்புவதற்கு அந்தத் தடுமாற்றமும் ஒரு காரணம். முழு நிச்சயம் எனக்கு இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவர் விடமாட்டார். இருப்பதைச் சொல்லாமல் விடவும் விடமாட்டார்.

வாசித்தேன். தடுமாறினேன். அபீனா தன் தம்பியைக் கூட்டி வந்திருந்தாள். குவாஸி என்கிற அந்த உயரமான மனிதர் சவப்பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு கை கொடுத்து வண்டிக்குள் ஏற்றினார். நரைத்த தாடி ஆய்வாளரும் வந்திருந்தார், நான்தான் அறிவித்திருந்தேன். எல்லாரும் கலைந்தபின் அவரிடம் போய், அன்று நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகச் சொல்லவில்லை என்றேன். "இப்போது சொல்லிவிட்டீர்களே" என்றார். எழுத்தில் தரும்படி கேட்டார். கொடுத்துவிட்டேன். அவர் உடன்படுவாரோ தெரியாது. மற்ற இரண்டு மெட்டுக்களைப் பற்றி எட்டுக் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்; அவற்றில் ஐந்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பான்ஜோவை ஜெரோசினி அபீனாவுக்குக் கொடுத்துவிட்டாள். அதுதான் முறை. கொப்பிகள் என் வீட்டில் இருக்கின்றன. அவை அவருடையவை, நான் காத்துவைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கென்று அவரிடமிருந்து வந்தது வேறு. யாராவது என்னை ஒன்று கேட்டால், முன்பு போல ஒரு நல்ல வசனத்தின் பின்னால் ஒளிய முடிவதில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, கேட்ட இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே ஒரு பதற்றம். சொல்லும்வரை இருக்க முடியவில்லை, எழும்பி நடக்கிறேன். அவருடைய ஆன்மாவுக்காக நீங்கள் மன்றாடும்போது என்னையும் நினைப்பீர்கள் என்று தெரியும். நினையுங்கள். இந்தப் பதற்றம் மட்டும் என்னைவிட்டுப் போகட்டும் என்று கேட்டுவிடாதீர்கள்.